ஜீனோவின் மூக்கு

குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரை நாம் யோசிக்காமல் உச்சரித்துவிடுகிறோம். ஆலும் பனையும் புளியும் ஊர்ப்பெயர்களாக நிற்கும் நாட்டில் அது ஓர் உலோகத்தின் பெயரைத் தாங்கிய ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லாவரத்துக்குத் தெற்கே எழுந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர் இது. அதற்குமுன் தமிழகத்தில் தோல் பெரும்பாலும் ஆவாரம்பட்டைச் சாற்றில் பல வாரங்கள் ஊறித்தான் பதமாகியது. குரோமிய உப்புக்கள் அந்த வாரங்களை நாட்களாகச் சுருக்கின. சென்னை கலைப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் செய்த சோதனைகளிலிருந்து தொடங்கிய தொழில்நுட்பம் அது. நீலம் பாய்ந்த ஈரத்தோல், சுண்ணாம்புத் தொட்டி, அழுகலும் அமிலமும் கலந்த காற்று ஆகிய மூன்றும் பல்லாவரம், நாகல்கேணி, குரோம்பேட்டைப் பகுதிக்கு அடையாளமாகப் பல பத்தாண்டுகள் இருந்தன. பின்னாளில் நிலத்தடி நீரின் நிறத்திலும் சுவையிலும் அந்த அடையாளம் இறங்கியது.

இதே ஊரில்தான், ரயில் பாதையை ஒட்டி, 1949-இல் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி தொடங்கப்பட்டது. தொழிலதிபர் சி. ராஜம் தம்முடைய மாளிகையை விற்று அதற்கான முதலைத் திரட்டினார் என்பது இன்றும் அக்கல்லூரி மாணவர்கள் சொல்லும் செய்தி. விமானவியல், மின்னணுவியல், கருவியியல், மோட்டார் வாகனவியல் என்று அன்று வேறு கல்லூரிகள் அதிகம் தொடாத துறைகளை அது எடுத்துக்கொண்டது. இயற்பியலில் பட்டம் பெற்றுவிட்டு வரும் இளைஞர்கள் அங்கே மூன்றாண்டுகள் படித்தார்கள். 1950களில் அப்படி வந்தவர்களில் இருவரைத் தமிழுலகம் நன்கறியும். ராமேஸ்வரத்திலிருந்து வந்த அப்துல் கலாம் விமானவியலுக்கும், ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எஸ். ரங்கராஜன் மின்னணுவியலுக்கும் சேர்ந்தனர். இருவரும் அதற்குமுன் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர்கள். ரங்கராஜன் பிறகு மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார்.

கலாமின் 'அக்னிச் சிறகுகள்' நூலில் குரோம்பேட்டையைப் பற்றி இரண்டு தகவல்கள் வருகின்றன. ஒன்று, கல்லூரி வளாகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த, பறந்து ஓய்ந்த இரண்டு விமானங்கள். மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் அவர் அவற்றின் அருகே நெடுநேரம் அமர்ந்திருப்பார். மற்றொன்று, கல்லூரித் தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டி. நம்முடைய விமானத்தை நாமே கட்டவேண்டும் என்ற பொருளில் அவர் தமிழில் எழுதிய கட்டுரை முதற்பரிசு பெற்றது. பரிசை வழங்கியவர் 'ஆனந்த விகடன்' ஆசிரியராக இருந்த தேவன். 'துப்பறியும் சாம்பு'வின் தேவனேதான். எனக்கு இந்தக் காட்சி மிகவும் பிடிக்கும். தமிழ் வெகுஜன எழுத்தும் வானூர்தி அறிவியலும் முதன்முறையாகக் கைகுலுக்கிக்கொண்ட இடம் என்று அதைச் சொல்லலாம். ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்து அதே விகடனில்தான் அதே கல்லூரியின் இன்னொரு மாணவர் 'என் இனிய இயந்திரா'வை எழுதினார்.

இந்தத் தடத்தில் அன்றைய புலன்களின் உலகம் எப்படி இருந்தது என்பதைச் சற்றுக் கற்பனை செய்துபார்க்கவேண்டும். கடற்கரை முதல் தாம்பரம் வரை 1931-இலேயே மின்சார ரயில் வந்துவிட்டது. குறுகிய மீட்டர் பாதையில் ஓடிய பெட்டிகள் அவை. அந்தப் பாதை 2004-இல்தான் முற்றிலும் விடைபெற்றது. பரங்கிமலையிலும் திரிசூலத்திலும் பாறை வெடிவைத்து உடைக்கப்பட்டது. இந்தப் பாறைவகைக்குத்தான் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் சமாதிக்கல்லை நினைவுகூர்ந்து, சார்னகைட் என்று பெயரிட்டார். மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்கின. தாம்பரத்தில் விமானப்படைத் தளம். இடையே தாம்பரம் சானடோரியம். மருத்துவர் சவுரி முத்து 1928-இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை அது. தூய காற்றே மருந்து என்று நம்பப்பட்ட காலத்தில், நகரத்தின் புகையிலிருந்து விலகி அங்கே வந்தார்கள். தோல் தொட்டிகளின் காற்றும் நோய்தீர்க்கும் காற்றும் அடுத்தடுத்த ரயில் நிலையங்களில் இருந்தன. தாம்பரத்தில் இறங்கினால் 1937-இல் அங்கே குடிபெயர்ந்த கிறித்தவக் கல்லூரியின் புதர்க்காடு. ஆக அரைமணி நேரப் பயணத்தில் மூக்கு நான்கைந்து உலகங்களைக் கடந்தது.

ஆனால் இந்தத் தடத்தில் படித்து உருவான அறிவியல் புனைகதையில் மூக்கு எங்கே? இந்தக் கேள்வி வெகுநாட்களாக என்னுள் இருக்கிறது.

'என் இனிய இயந்திரா' 1980களின் நடுவில் தொடராக வந்தது. பின்னர் தூர்தர்ஷனிலும் தொடரானது. 'மீண்டும் ஜீனோ' அதன் தொடர்ச்சி. கதை நடப்பது அன்றைக்கு எட்டாத தொலைவில் இருந்த 2020களின் தொடக்கத்தில். ஜீவா என்ற ஒருவரின் ஆட்சி. குழந்தை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதி வேண்டும். பெயர்கள் இரண்டெழுத்துக்கு மேல் இருக்கக்கூடாது. நிலா, சிபி, ரவி, மனோ. நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். அவள் வீட்டுக்குள் ரவி என்ற அந்நியன் தன் இயந்திர நாயோடு வருகிறான். அந்த நாய்தான் ஜீனோ. பேசும், படிக்கும், வாதம் செய்யும், கிண்டலடிக்கும். கதை நகர நகர அதற்குள் மனிதத்தன்மைக்கு நிகரான ஏதோ ஒன்று முளைக்கிறது. நிலாவைவிட ஜீனோவைத்தான் வாசகர்கள் காதலித்தார்கள் என்று சொன்னால் அது மிகையல்ல.

ஜீனோவைப் பற்றி நம் நினைவில் நிற்பது என்ன என்று கேட்டுக்கொண்டால் விடை உடனே கிடைக்கும். அதன் பேச்சு. அதன் குறும்பான தர்க்கம். நாய் என்ற விலங்கின் முதன்மையான புலன் மோப்பம். ஒரு நாயைப் படைத்து, அதன் மூக்கைப் பொருட்படுத்தாமல், அதற்கு நாவன்மையை வழங்கியிருக்கிறார் சுஜாதா. ஜீனோவின் கண்ணும் காதும் சிந்தனையும் நமக்கு நெருக்கமாகத் தெரிகின்றன. அதன் மோப்பத்தையோ தோலின் தட்பவெப்பத்தையோ என் வாசிப்பில் நான் உணர்ந்ததில்லை. அந்த நாவலில் எனக்கு மனத்தில் தங்கியிருக்கும் எதிர்காலம் முழுவதும் திரைகளும் குரல்களும்தான்.

இங்கே தொல்காப்பியத்தின் மரபியலை நினைக்காமல் இருக்கமுடியவில்லை. உயிர்களை அறிவுகளின் எண்ணிக்கையால் வரிசைப்படுத்தும் புகழ்பெற்ற பகுதி அது. முதலில் தொடுகை, அடுத்து நாவின் சுவை, அதன்மேல் மூக்கு, பிறகு கண், பிறகு செவி, ஆறாவதாக மனம். படிப்படியாக ஏறும் ஏணி. புல்லும் மரமும் ஏணியின் அடியிலும் மனிதன் உச்சியிலும் நிற்கிறார்கள். ஜீனோ இந்த ஏணியில் மேலிருந்து கட்டப்பட்ட உயிர். நான்காம், ஐந்தாம், ஆறாம் அறிவுகள் அதற்கு உண்டு. கீழே உள்ள மூன்றும் இல்லை அல்லது கணக்கில் இல்லை. புல்லுக்கு உள்ளது ஜீனோவுக்கு இல்லை. இன்று நாம் செயற்கை நுண்ணறிவு என்று அழைக்கும் கருவிகளும் பெரும்பாலும் இப்படித்தான் மேற்படியிலிருந்து கட்டப்பட்டிருக்கின்றன என்பது இந்த நாவலின் தீர்க்கதரிசனத்துக்குச் சான்று. ஆனால் அது தீர்க்கதரிசனமா, ஓர் எழுத்தாளரின் பழக்கமா என்பதைப் பிரித்தறிவதில்தான் எனக்கு ஆர்வம்.

சுஜாதாவுக்கு உடலை எழுத வராது என்று யாரும் சொல்லமுடியாது. 'நகரம்' சிறுகதையை வாசித்தவர்கள் பாப்பாத்தியின் காய்ச்சலைத் தங்கள் கையில் உணர்ந்திருப்பார்கள். மூளைக்காய்ச்சலில் கிடக்கும் மகளைச் சுமந்துகொண்டு மதுரையின் பெரிய ஆஸ்பத்திரியில் அறை அறையாக அலையும் வள்ளியம்மாளின் திகைப்பு முழுக்க முழுக்க உடலின் திகைப்பு. ஸ்ரீரங்கத்துக் கதைகளில் தெருவும் திண்ணையும் ஆறும் ஐம்புலன்களோடும் வருகின்றன. ஆகவே நிகழ்காலத்தையும் இறந்தகாலத்தையும் எழுதும்போது இருந்த தோலும் மூக்கும் எதிர்காலத்தை எழுதும்போது மட்டும் விடைபெற்றுக்கொள்கின்றன. இது திறமைக்குறை அல்ல, ஒரு தேர்வு. அவர் அறிந்து செய்த தேர்வா என்பது வேறு விஷயம்.

காரணங்களைத் தேடினால் முதலில் கைக்கு வருவது வாரப்பத்திரிகை. சில பக்கங்களுக்குள் ஒரு திருப்பம், ஒரு சிரிப்பு, இறுதியில் ஒரு கொக்கி. வருணனைக்கு அங்கே இடமில்லை. பக்கத்திலேயே ஓவியம் இருப்பதால் காட்சியையும் பாதி ஓவியரிடம் விட்டுவிடலாம். உரையாடல் எஞ்சும். சுஜாதாவின் உரைநடை இந்த நெருக்கடியிலிருந்து தன் அழகை உருவாக்கிக்கொண்டது. இதை அனைவரும் சொல்லியிருக்கிறார்கள், நான் நீட்டவேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் தொழில். சுஜாதா குரோம்பேட்டையை விட்டு வெளியேறியபின் சிவில் விமானத்துறையில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியாகப் பணிபுரிந்தார். பிறகு பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு என்பது விசித்திரமான வேலை. மேகத்துக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் நூறு பேர் இருக்கிறார்கள். கீழே இருப்பவருக்கு அவர்கள் ஒரு குரல், சில எண்கள். அந்தக் குரலில் பிழை நேர்ந்தால் உயிர்கள் போகும். உலகத்தைச் சுருக்கமான, பிசிறில்லாத வாக்கியங்களாகப் பரிமாறிக்கொள்ளும் பழக்கம் ஒருவருக்குள் இப்படி ஊறிவிட்டால், அவருடைய எதிர்காலமும் ஒலிபெருக்கியின் வழியாகத்தான் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான். ஆனால் அவருடைய அறிவியல் கதைகளில் பாத்திரங்கள் பேசும் விதத்தைக் கூர்ந்து கேட்டால் இந்த ஊகத்தை முற்றிலும் தள்ளிவிடமுடியாது.

மூன்றாவது காரணத்தைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் அதுவே எனக்கு முக்கியமானதாகப் படுகிறது. மணம் என்ற புலன் நம் சமூகத்தில் ஒருபோதும் நடுநிலையானதாக இருந்ததில்லை. யார் அருகில் வரலாம், யார் தள்ளி நிற்கவேண்டும், யார் வீட்டில் என்ன வேகிறது என்பதையெல்லாம் நம் தெருக்கள் மூக்கால்தான் முடிவு செய்துவந்திருக்கின்றன. தோல் தொட்டிகளில் இறங்கி நின்ற கைகளும் கால்களும் பெரும்பாலும் யாருடையவை என்பது தமிழகத்தில் அனைவருக்கும் தெரியும். வேலை முடிந்து குளித்த பின்னும் அந்த மணத்தை அவர்கள்மீது சுமத்தும் வழக்கத்தையும் நாம் அறிவோம். 'என் இனிய இயந்திரா'வின் இரண்டெழுத்துப் பெயர்களை இந்த ஒளியில் பார்க்கலாம். நிலா, சிபி, ரவி. தகப்பன் பெயரின் முதலெழுத்து இல்லை, ஊர் இல்லை, குலத்தின் சாயல் இல்லை. பெயரிலிருந்து எதையும் மோப்பம் பிடிக்கமுடியாது. சர்வாதிகாரம் மனிதர்களைச் சுருக்குகிறது என்று காட்டத்தான் சுஜாதா இதைப் புனைந்தார். ஆனால் அந்தச் சுருக்கத்தில், அவர் நினைத்தோ நினைக்காமலோ, சாதி துடைக்கப்பட்ட ஓர் எதிர்காலமும் உருவாகிவிட்டது. மணமும் அதோடு சேர்ந்து போய்விட்டது. ஒரு விதத்தில் அது விடுதலை. இன்னொரு விதத்தில், தோல் தொட்டியில் நின்றவருக்கு அந்த எதிர்காலத்தில் இடம் எங்கே என்ற கேள்வியை அது கேட்காமலேயே கடந்துவிடுகிறது. தொழிற்சாலைகள் இல்லாத, கழிவுகள் ஓடாத, இயந்திரங்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்லாத எதிர்காலம். குரோம்பேட்டையில் மின்னணுவியல் படித்தவர், ஊர்ப்பெயரின் பாதியைக் கதையிலிருந்து விட்டுவிட்டார்.

இந்திய அறிவியல் புனைகதையின் தொடக்ககாலக் கதைகளில் ஒன்று ஒரு மணத்தில் பிறந்தது என்பது இங்கே நினைவுகொள்ளத்தக்கது. 1896-இல் வங்காளத்தில், குந்தலீன் என்ற தலைமுடித் தைலத்தைத் தயாரித்த ஹேமேந்திர மோகன் போஸ் ஒரு கதைப்போட்டி நடத்தினார். கதையில் தைலம் இடம்பெறவேண்டும், ஆனால் விளம்பரமாகத் தெரியக்கூடாது. பரிசு பெற்ற கதையை எழுதியவர் இயற்பியலாளர் ஜகதீஷ் சந்திர போஸ். காய்ச்சலில் முடி கொட்டிய ஒருவர் உடல்நலம் தேறக் கல்கத்தாவிலிருந்து இலங்கைக்குக் கப்பலில் போகிறார். வங்கக்கடலில் புயல். மகள் கொடுத்தனுப்பிய தைலப்புட்டியைக் கடலில் வீச, எண்ணெய்ப்படலத்தால் அலை அடங்கிப் புயலே காணாமல் போகிறது. பரப்பு இழுவிசை என்ற அறிவியல் கோட்பாட்டை ஒரு பெண்ணின் கூந்தல் தைலத்தில் வைத்த குறும்பு அது. 1921-இல் இக்கதையைத் திருத்தித் தம் 'அவ்யக்த' நூலில் சேர்த்துக்கொண்டார். கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று நக்கீரரும் சிவபெருமானும் வாதிட்டதாகத் திருவிளையாடல் சொல்லும் நாட்டில், குறுந்தொகையின் இரண்டாம் பாடலை அந்த வழக்கோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கும் நாட்டில், குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர்சொல்லி அடுக்கிய கபிலரின் மொழியில், அறிவியல் கதைக்கு மட்டும் ஏன் மூக்கடைப்பு வந்தது என்று வியக்கத்தான் வேண்டியிருக்கிறது.

மேலை நாட்டில் இது எல்லாருக்கும் எளிதாக வந்தது என்றும் சொல்லமாட்டேன். அங்கும் பெரும்பாலான விண்வெளிக்கதைகள் உலோகமும் விளக்கும்தான். ஆனால் ரே பிராட்பரி 1952-இல் எழுதிய, கடந்தகாலத்துக்கு வேட்டையாடப் போகும் கதையில், திரும்பி வந்தவன் தன் உலகம் மாறிவிட்டதைக் கண்ணால் அறிவதற்குமுன் காற்றில் கலந்திருக்கும் மெல்லிய வேதிவாடையால் அறிகிறான். மிதித்த ஒரு பட்டாம்பூச்சியின் விளைவு முதலில் மூக்கைத்தான் எட்டுகிறது. அதற்குப் பிறகே அறிவிப்புப் பலகையின் எழுத்துப்பிழைகள் கண்ணில் படுகின்றன. ஆல்பிரட் பெஸ்டர் 1956-இல் வெளியிட்ட நாவலின் உச்சத்தில் நாயகனின் நரம்புகள் குழம்பி, ஒலி காட்சியாகவும் தொடுகை சுவையாகவும் இடம் மாறுகின்றன. அச்செழுத்துக்களையே வளைத்தும் சிதறடித்தும் அதைக் காட்டினார்கள். இவை விதிவிலக்குகள். ஆனால் ஒரு வடிவத்தால் எவ்வளவு இயலும் என்பதை விதிவிலக்குகள்தானே காட்டித்தருகின்றன?

இவ்வளவும் எழுதியபின், சுஜாதாவின் தரப்பில் ஒரு வலுவான மறுப்பு இருப்பதையும் சொல்லவேண்டும். 'என் இனிய இயந்திரா'வின் மையமான திருப்பம், ஜீவா என்ற ஆட்சியாளர் மனிதரே அல்ல, ஹோலோகிராம் எனப்படும் ஒளிப்பிம்பம் என்பது. மக்கள் அவரைப் பார்க்கிறார்கள், கேட்கிறார்கள், வணங்குகிறார்கள். தொட்டவர் எவருமில்லை. கண்ணும் காதும் மட்டும் போதும் என்று ஒரு சமூகம் பழகிவிட்டால் அதை ஒரு வெற்றுப்பிம்பமே ஆண்டுவிடலாம் என்பதுதான் கதையின் அடியில் ஓடும் அச்சம். அப்படிப் பார்த்தால், நாவலில் மூக்கும் தோலும் இல்லாதது குறையல்ல, கதை உருவாக்கும் உலகத்தின் இயல்பு. நிலாவின் உலகத்தில் மணம் இருந்திருந்தால் ஜீவாவின் பொய் முதல் வாரமே வெளிப்பட்டிருக்கும். இந்த வாசிப்பை நான் வெகுகாலம் கழித்துத்தான் வந்தடைந்தேன். அதுவரை சொன்ன குற்றச்சாட்டை இது முழுதாகத் தள்ளுபடி செய்வதில்லை. தொழிற்சாலை இல்லாத எதிர்காலம் என்ற புகார் அப்படியே இருக்கிறது. ஆனால் மூக்கைப் பற்றிய புகாரில் பாதியையாவது திரும்பப் பெற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

சுஜாதா 2008 பிப்ரவரி 27 அன்று மறைந்தார். நாவலின் ஆண்டுகள் அவருக்குப்பின் வந்தன. 2020-இலும் 2021-இலும் கொரோனாத் தொற்று பரவியபோது, காய்ச்சலும் இருமலும் வராத பலருக்கும்கூட முதல் அறிகுறியாக மணம் அறியும் திறன் போயிற்று. தமிழ் வீடுகளில் காலையில் எழுந்ததும் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்துபார்ப்பது ஒரு சோதனையாகவே ஆனது. பள்ளி திரையில் நடந்தது. தலைவர்கள் திரையில் பேசினார்கள். அயல்நாட்டிலிருந்த பிள்ளைகள் தகப்பனின் இறுதிச்சடங்கைக் கைப்பேசியில் பார்த்தார்கள். தொடுதல் தடைசெய்யப்பட்டது. தொண்ணூறு ஆண்டுகளுக்குமுன் தூய காற்றுக்காகத் தொடங்கப்பட்ட தாம்பரம் சானடோரியத்தின் நெஞ்சக மருத்துவமனையில் நோயாளிகள் ஆக்சிஜனுக்காகக் காத்திருந்தார்கள்.

மணத்தை இழந்தவர்களுக்கு மருத்துவர்கள் பரிந்துரைத்தது எளிய ஒரு பயிற்சி. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் காலையும் மாலையும், ஒவ்வொன்றாக, சில விநாடிகள் நிதானமாக முகரவேண்டும். மூளை மணத்தை மறுபடி கற்றுக்கொள்ளும் வரை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில். அந்த நாட்களில் 'என் இனிய இயந்திரா'வை மறுபடி எடுத்தேன். ஜீனோ புத்தகம் படித்து மனிதர்களைக் கற்றுக்கொள்ளும் பகுதிகளை வாசித்துக்கொண்டிருந்தபோது, சமையலறையில் என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையில் வைத்திருந்த கிராம்பை முகர்ந்துகொண்டிருந்தாள். ஏதாவது தெரிகிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள்.